முதலெழுத்தில் ஊர் மட்டும் இருந்த குடும்பம்: வீணை தனம்மாளும் அவர் வாரிசுகளும்

நம் தலைமுறையில் பேருக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்தால் அது அப்பாவின் பேர். இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது ஊர், இரண்டாவது அப்பா. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்து பென்ஷன் புத்தகம் வரை இதே கணக்குத்தான்.

சங்கீத உலகத்தில் சில பேர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. எம்.எஸ். சுப்புலட்சுமி என்பதில் எம் மதுரை. எஸ் அவருடைய தாயார் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியில் எம் மெட்ராஸ். எல் தாயார் லலிதாங்கி. டி. பிருந்தா, டி. முக்தா, டி. பாலசரஸ்வதி, டி. சங்கரன், டி. ரங்கநாதன், டி. விஸ்வநாதன் என்று ஒரே குடும்பத்துப் பேரப்பிள்ளைகளைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே டி. இவர்கள் ஒரே தகப்பனாருக்குப் பிறந்தவர்கள் அல்லர்; ஒரே தாயாருக்குக்கூட அல்ல. அந்த டி தஞ்சாவூர். ஊர் மட்டும்தான்.

இந்தப் பேரப்பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டிய கயிறு ஒரு பாட்டி. வீணை தனம்மாள். 1867இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்து, 1938 அக்டோபர் 15ஆம் தேதி காலமானார். எழுபத்தோரு வயது. இன்றைக்கு எழுபத்தொன்று பெரிய வயதில்லை. பூங்காவில் நம்மோடு நடக்கிறவர்களில் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள். அந்தக் காலத்தில் அது நான்கு தலைமுறை பார்க்கும் ஆயுள். அவரை வித்வாம்சினியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் தலைவியாக அவரைப் பார்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை. அவர் எதைச் சேர்த்தார், யாருக்கு விட்டுப் போனார், அது என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

தஞ்சாவூரிலிருந்து

குடும்பத்தார் தங்கள் வரிசையைச் சொல்லும்போது, பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் ஆடிப் பாடிய பாப்பம்மாள் என்பவரிலிருந்து தொடங்குவார்கள். அவருக்குப் பின் ருக்மிணி. பிறகு நாட்டியத்தில் பேர் பெற்ற காமாட்சி. காமாட்சியின் மகள் சுந்தரம்மாள், பாட்டுக்காரர். சுந்தரம்மாளின் மகள் தனம்மாள். வம்சாவளி முழுக்கப் பெண்கள் பேர். நம் வீட்டு வம்சாவளியில் கொள்ளுப்பாட்டியின் பேரை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? கொள்ளுத்தாத்தா பேர் திதி கொடுக்கவாவது தெரிந்தாக வேண்டும். பாட்டிமார் பேருக்கு அதுவும் மூன்று தலைமுறையோடு சரி.

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பெனியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையை நம்பியிருந்த பாடகர், ஆடுபவர், நட்டுவனார், வாத்தியக்காரர் பலருக்கும் அடுத்த வேளைக்கு வழி தேட வேண்டியதாயிற்று. அப்போது பணம் புழங்கிய ஊர் சென்னைப் பட்டணம். கோட்டைக்கு வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் துபாஷிகளும் செட்டிமார்களும் முதலியார்களும் வீட்டுக்கு வீடு சங்கீதம் வளர்த்தார்கள். தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது இந்தப் பகுதியில் தங்கியிருக்கிறார். சற்று வடக்கே திருவொற்றியூரில் அவருடைய சிஷ்யர் வீணை குப்பய்யர் இருந்தார். அந்த நூற்றாண்டின் நடுவில் காமாட்சியின் குடும்பமும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

வந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்தது பாட்டு. சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். ஆகவே மும்மூர்த்திகளில் ஒருவருடைய வீட்டுப் பாட்டு நேராக இந்த வீட்டுக்குள் வந்தது. அடுத்து தனம்மாள் தாமே சேர்த்தது. முத்துசாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் தீட்சிதர் கிருதிகள். வாலாஜாப்பேட்டை பாலகிருஷ்ண தாஸ் என்ற கண்பார்வை இல்லாத பாடகரிடம் க்ஷேத்ரய்யா பதங்கள். பதம் பாடுவதில் அவருக்கு இருந்த பேரால் அவரைப் "பதம் பால்தாஸ்" என்றே அழைத்தார்கள். ஜாவளிகள் இயற்றிய தர்மபுரி சுப்பராயர் இந்த வீட்டுக்கு மிகவும் வேண்டியவர். அவருடைய சில ஜாவளிகள் தனம்மாளை மனத்தில் வைத்துச் செய்தவை என்றே சொல்வார்கள்.

இதையெல்லாம் அவர் காகிதத்தில் சேர்க்கவில்லை. மனத்தில் சேர்த்தார். அதனால் அவர் இருக்கும் வரை அந்த வீடு ஒரு நூலகம். அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டின் பெரிய கேள்வி.

வெள்ளிக்கிழமை மாலை

ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டி தெருவில் தனம்மாள் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே அவர் வாசிப்பார். ஊரில் உள்ள பெரிய வித்வான்களும் ரசிகர்களும் வந்து உட்காருவார்கள். ஒலிபெருக்கி கிடையாது. மிருதங்கம் கிடையாது. வீணையும், அதோடு இழைந்து அவரே மெதுவாகப் பாடும் குரலும்தான்.

மிருதங்கம் ஏன் இல்லை என்பதற்கு அவருடைய வாசிப்பிலேயே பதில் இருக்கிறது. வீணையில் இருபத்து நான்கு மெட்டுகள். ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அந்த ஒரே இடத்தில் இரண்டு மூன்று சுரங்கள் வழுக்கிக்கொண்டு வரும். மீட்டிய ஒலி அடங்கிப் போவதற்குள் அந்த இழைவு கேட்டு முடிந்தாக வேண்டும். தனம்மாள் விரலில் கம்பி எதுவும் மாட்டாமல் நகத்தாலேயே மீட்டியவர். ஒலி சன்னமாகத்தான் வரும். அதன் மேல் ஒரு தோல் வாத்தியம் விழுந்தால் உள்ளே நடக்கிற நுணுக்கம் காதுக்கு எட்டாது. பதம் என்பதும் அப்படிப்பட்ட உருப்படிதான். மிகவும் சவுக்கமாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ராகம் தங்கித் தங்கிப் போகும். அவசரப்பட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

கேட்பவர்களும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். யாராவது இருமினால், பேசினால், அம்மாள் வாசிப்பை நிறுத்திவிடுவார் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் சரி. வறுமையும் கடனும் அந்த வீட்டுக்குப் பழக்கம்தான். ஆனாலும் வந்தவரிடம் ஒரு வார்த்தை இறங்கிப் பேசி வாங்கிக்கொள்ளும் சுபாவம் அவருக்கு இல்லை. கடைசிக் காலத்தில் கண்பார்வையும் போயிற்று. வாசிப்பு போகவில்லை.

இந்த விவரங்களில் பலவும் நமக்குத் தெரிவது, பேரன் டி. சங்கரன் எழுதி வைத்ததால். தனம்மாளின் மகள் லட்சுமிரத்னத்தின் பிள்ளை அவர். பாட்டியின் மேல் உள்ள பக்தியோடு, பாட்டியின் கோபதாபங்களையும் கைநீட்டமான செலவையும் சேர்த்தே எழுதினார். வீட்டுக்குள் வளர்ந்த பேரனால்தான் அப்படி எழுத முடியும். குடும்பத்துப் பெரியவளைத் தெய்வமாக்கி மாலை போட்டுவிட்டால் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் மிஞ்சாது.

பெண்களுக்குச் சொத்து இருந்த வீடு

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில், சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு வீடு தன் பேரில் இருப்பது அபூர்வம். 1937ஆம் வருடத்துச் சட்டம்தான் விதவைக்குக் கணவன் சொத்தில் ஒரு பங்கு கொடுத்தது. அதுவும் ஆயுள் வரை அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்க முடியாது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பெண்ணுக்கு முழு உரிமை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு வேண்டும் என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. அதுவே நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது.

தேவதாசி மரபில் வந்த குடும்பங்களில் வழக்கம் வேறு. வீட்டின் தலைவி மூத்த பெண். சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகள் இல்லாவிட்டால் ஒரு பெண்குழந்தையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாண நீதிமன்றங்கள் இந்த வழக்கத்தை அங்கீகரித்தன. இந்த வீடுகளில் பெண் எழுதப் படித்தாள். தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றாள். தன் சம்பாத்தியத்தைத் தானே செலவழித்தாள். நம் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் வர இன்னும் இரண்டு தலைமுறை ஆயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது சரித்திரம் ஆகாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு முறைப்படியான கல்யாணம் இல்லை. பிள்ளைகளுக்குத் தகப்பனார் பேர் இல்லை. எல்லா வீடும் தனம்மாள் வீடு போல வித்தை வளர்த்த வீடும் அல்ல. விவரம் தெரியாத வயதில் பொட்டுக் கட்டி, அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே வியாபாரமாக்கிய இடங்கள் இருந்தன. இதை எதிர்த்து 1927இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாளும் இதே மரபில் பிறந்தவர்தான். வெளியே நின்று யாரோ கல் எறியவில்லை. அந்த வலியை வீட்டுக்குள் பார்த்தவரே கேட்டார். இதே மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள், எங்கள் வித்தையையும் உரிமையையும் சேர்த்து அழிக்கிறீர்களே என்று எதிர்த்துக் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான்.

பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. தனம்மாள் அதற்கு ஒன்பது வருடம் முன்பே போய்விட்டார். சட்டம் வர வேண்டியதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சுற்றி எழுந்த பேச்சில் ஒரு அநியாயம் நடந்தது. பழக்கத்தின் மேல் விழ வேண்டிய வெறுப்பு, அந்தப் பெண்களின் மேல் விழுந்தது. அவர்கள் காப்பாற்றிய ஆட்டத்தையும் பாட்டையும் ஊர் கை நீட்டி வாங்கிக்கொண்டது. கொடுத்தவர்களை வாசலோடு நிறுத்தியது. பல வீடுகள் பேரை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, பழையதைப் பற்றி வாய் திறப்பதையே விட்டுவிட்டன. அந்த மௌனத்தில் எத்தனை பாட்டு போயிற்று என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

தனம்மாள் வீடு வாயை மூடவில்லை. அதனால்தான் இன்றைக்கு அதைப் பற்றி எழுத முடிகிறது.

நான்கு மகள்கள்

தனம்மாளுக்கு நான்கு மகள்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி. நால்வருக்கும் பாட்டு. மூத்தவர்கள் இருவரும் ஜோடியாகப் பாடிப் பேர் வாங்கினார்கள். பின்னவர்கள் இருவரும் அடுத்த தலைமுறையைத் தயார் செய்தார்கள்.

காமாட்சியின் பெண்கள் பிருந்தா (1912), முக்தா (1914), அபிராமசுந்தரி (1918). பிருந்தாவையும் முக்தாவையும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்க வைத்தார்கள். இது யோசிக்க வேண்டிய விஷயம். நாயனாப் பிள்ளை தாளத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு, கணக்கில் எல்லாரையும் மடக்கிப் பாடுகிறவர். மிருதங்கச் சத்தமே வேண்டாம் என்று இருந்த பாட்டியின் வீட்டிலிருந்து, பேத்திகள் அப்படிப்பட்டவரிடம் போனார்கள். பாட்டி வீட்டுப் பாட்டே போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. அவரிடம் தியாகராஜர் கிருதிகளும் திருப்புகழும் கற்றார்கள். தாளக்கட்டும் சேர்ந்து வந்தது. பாட்டி வீட்டுச் சவுக்கமும் நாயனாப் பிள்ளையின் கட்டும் சேர்ந்ததுதான் பிருந்தா - முக்தா சங்கீதம். அபிராமசுந்தரி வயலின் எடுத்துக்கொண்டார்.

ஜெயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதி (1918), ரங்கநாதன் (1925), விஸ்வநாதன் (1927). கொள்ளுப்பாட்டியின் அம்மா காமாட்சிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஆடவில்லை. சுந்தரம்மாள் பாட்டு, தனம்மாள் வீணை, ஜெயம்மாள் பாட்டு. ஆட்டத்தின் பேர் கெட்டுப்போயிருந்த 1920களில், ஒரு பெண்குழந்தையை ஆட வைப்பது என்றால் சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்கள். மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடுவதைப் பார்த்துவிட்டுக் குழந்தை பிடிவாதம் பிடித்தது. ஜெயம்மாள் துணிந்தார். தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளையிடம் சேர்த்தார். ஏழு வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். 1933இல் மியூசிக் அகாடமி மேடை. அடுத்த வருடம் கல்கத்தா. பாட்டி உயிரோடு இருக்கும்போதே பேத்தியின் பேர் தென்னாட்டைத் தாண்டிவிட்டது.

பாலசரஸ்வதி ஆடும்போது பாடியவர் தாயார் ஜெயம்மாள். அபிநயத்தில் பாலசரஸ்வதி தாமும் பாடிக்கொண்டே ஆடுவார். உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒரு பத வரிக்கு எத்தனையோ விதமாகப் பாவம் பிடிப்பார். மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து, ஒரே இடத்திலிருந்து மூன்று சுரம் எடுத்த பாட்டியின் காரியம்தான் அது. அவர் தந்தியில் செய்ததை இவர் முகத்தில் செய்தார்.

பையன்களைப் பாருங்கள். மிருதங்கம் வேண்டாம் என்ற பாட்டியின் பேரன் ரங்கநாதன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றார். விஸ்வநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் கற்றார். இருவரும் பிற்காலத்தில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுத்தார்கள். ஜார்ஜ் டவுன் சந்துக்குள் இருந்த வீட்டுப் பாடம் கனெக்டிகட் வரைக்கும் போயிற்று.

இசைத்தட்டும் பேத்தியும்

தனம்மாள் வாசித்த இசைத்தட்டுகள் சில உண்டு. கடைசிக் காலத்தில் பதிவு செய்தவை. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட இருக்கலாம். ஒரு பதத்தைச் சாவகாசமாகப் பாடினால் பல்லவி தாண்டுவதற்குள் மூன்று நிமிஷம் போய்விடும். எனவே தட்டில் இருப்பது அம்மாளின் வாசிப்பு அல்ல, வாசிப்பின் ஒரு துணுக்கு. இன்று இணையத்தில் தேடினால் கிடைக்கிறது. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் தோன்றாது. நான்காவது தடவை, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகிற வழி மட்டும் தனியாகக் கேட்கத் தொடங்கும்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் தேதி தொடங்கியது. தனம்மாள் போனது அதே வருடம் அக்டோபரில். வீட்டுக் கூடத்தில் இருபது முப்பது பேர் மூச்சை அடக்கிக் கேட்ட காலமும், மாகாணம் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கிற காலமும் நான்கு மாத இடைவெளியில் மாறிக்கொண்டன. நம் போன்றவர்களுக்குப் பேத்திகளின் குரல் வந்து சேர்ந்தது அந்த வானொலி வழியாகத்தான். பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடும்போது, இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பதே மறந்துபோகும். கைதட்டலுக்காக ஒரு சங்கதி கூடப் போட மாட்டார்கள். அதனால் பெரிய கூட்டமும் அவர்களுக்குச் சேரவில்லை. வித்வான்களுக்கு வித்வான் என்ற பேர் சேர்ந்தது. ராமநாதபுரம் கிருஷ்ணன் போன்ற பெரிய பாடகர்கள் பதமும் ஜாவளியும் வேண்டுமென்றால் பிருந்தாவிடம்தான் போனார்கள். இன்று மேடையில் பாடும் அருணா சாயிராம் பிருந்தாவிடம் கற்றவர்.

பாட்டியின் சொத்து வெளியாட்கள் வழியாகவும் தங்கியது. தனம்மாளிடம் வீணை கற்ற ஆர். ரங்கராமானுஜ ஐயங்கார், 'கிருதி மணிமாலை' என்ற தொகுதிகளில் ஏராளமான உருப்படிகளைச் சுரப்படுத்தி வெளியிட்டார். காகிதத்தில் ஏறாமல் இருந்தது காகிதத்திலும் ஏறியது. ஆனாலும் புத்தகத்தைப் பார்த்துப் பதம் பாடிவிட முடியாது. புத்தகம் வழி சொல்லும். நடக்கக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

பிற்பாடு ஊர் மரியாதை செய்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1973இல் பாலசரஸ்வதிக்கு வந்தது. சங்கீதத்துக்கென்று இருக்கும் அந்தப் பட்டம் நாட்டியக்காரருக்குப் போனது அதிசயம். 1976இல் பிருந்தாவுக்கு. 1988இல் விஸ்வநாதனுக்கு. ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கு. சத்யஜித் ராய் 1976இல் பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்று ஒரு படம் எடுத்தார். பாலசரஸ்வதி 1984இல் காலமானார், பிருந்தா 1996இல், முக்தா 2007இல். பாலசரஸ்வதியின் மகள் லட்சுமி ஆடினார். லட்சுமியின் மகன் அனிருத்தா ஆடுகிறார். பெண்கள் வழியே வந்த வரிசையில் இப்போது ஒரு ஆண்பிள்ளை நிற்கிறார்.

பாட்டி விட்டுப்போனது

கணக்குப் பார்த்தால் தனம்மாள் விட்டுப்போனது என்ன? வீடு வாசல் நிலம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கடன் இருந்தது. வீணை இருந்தது. ஆனால் அவர் போகும்போது அவருக்குத் தெரிந்ததை நான்கு மகள்களும் கற்றிருந்தார்கள். பேத்திகள் மேடை ஏறியிருந்தார்கள். உயில் எழுதாமலே சொத்து கைமாறிவிட்டது. கோர்ட்டுக்குப் போகிற சொத்தை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். இதில் ஜெயம்மாளுக்குக் கொடுத்ததால் காமாட்சிக்குக் குறையவில்லை.

இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நம் வயதுக்காரர்கள் கூடினால் சொத்துப் பேச்சுதான். யார் பேரில் பத்திரம், எந்தப் பிள்ளைக்கு எந்த மனை, நாமினி போட்டாயிற்றா இல்லையா. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நம் பாட்டிமார் கையில் இருந்தது பத்திரத்தில் ஏறக்கூடியதா என்ன? தாலாட்டு, ஒப்பாரி, நலங்குப் பாட்டு, கண் பார்த்துப் போடும் உப்பு, பிரசவம் ஆனவளுக்கு இடிக்கிற மருந்து, எந்த ஊரிலிருந்து எப்போது கிளம்பி வந்தோம் என்ற கதை. அதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது? பாட்டி போன பதினாறாம் நாள் பித்தளைப் பாத்திரத்தைப் பங்கு போட்டோம். பாட்டு அவளோடு போயிற்று.

தனம்மாள் வீட்டில் அப்படி நடக்காததற்கு அங்கிருந்தவர்கள் பெரிய மேதைகள் என்பது மட்டும் காரணம் இல்லை. அந்த வீட்டில் பாட்டிக்குத் தெரிந்ததுதான் சொத்து என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சின்னப் பெண்களை உட்கார வைத்தார்கள். திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். ஒரு சங்கதி சரியாக வரும் வரை எழுந்திருக்க விடவில்லை. ஊர் என்ன சொன்னாலும் தங்கள் பாட்டியின் பேரை மறைக்கவில்லை.

அந்த டி என்ற எழுத்துக்கு மறுபடி வருகிறேன். தகப்பனார் பேர் இல்லாததை ஒரு குறையாக ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் எந்தப் பேரையும் கடன் வாங்கி அங்கே வைக்கவில்லை. தங்கள் பாட்டிமார் எந்த ஊரிலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்களோ அந்த ஊரை வைத்தார்கள். பிருந்தாவும் பாலசரஸ்வதியும் தஞ்சாவூரில் பிறந்தவர்கள் அல்லர். பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. அவர்கள் பாடிய பாட்டுக்குத்தான் அது சொந்த ஊர்.